பாரதியார் வாழ்க்கை: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பரும் டிசம்பரும் வந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூட்டம்தான். பாரதி நினைவு நாளுக்கும் பிறந்த நாளுக்கும் பேச்சுப்போட்டி, ஒப்புவித்தல் போட்டி எல்லாம் நடக்கும். தமிழாசிரியராக இருந்த காலத்தில் பழக்கமானது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பிள்ளைகள் கேட்பதையே அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் கேட்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவரும் கேட்கிறார். பெரும்பாலான சந்தேகங்களுக்குக் காரணம் ஒன்றுதான்: பாரதி நமக்குப் பாதி வரியாகவும் பாதிக் கதையாகவும் வந்து சேர்ந்திருக்கிறார். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்லவே இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

ஐயா, "பாரதி"ங்கிறது அவரோட சொந்தப் பேரா, குடும்பப் பேரா?

இரண்டும் இல்லை. 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் சின்னச்சாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் பிறந்தவருக்குச் சுப்பிரமணியன் என்று பெயர். வீட்டில் கூப்பிட்டது சுப்பையா. ஐந்து வயதில் தாயை இழந்தார். சின்ன வயதிலேயே கவி கட்டிப் பாடும் திறமையைப் பார்த்து எட்டயபுரம் ஜமீன் அவையில் புலவர்கள் கொடுத்த பட்டம்தான் "பாரதி". கலைமகளின் பெயர் அது. அப்போது அவருக்கு வயது பதினொன்று.

எட்டயபுரத்து ஜமீன்ல கவி பாடிட்டு இருந்தவர், தேசம் விடுதலைன்னு எப்படிப் போனார்?

ஒரே நாளில் போகவில்லை. முதல் அடி வீட்டில் விழுந்தது. தந்தையார் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நொடித்துப் போனார். அந்த மனமுறிவோடு 1898-ல் இறந்தும் போனார். பிழைப்பும் படிப்பும் தேடி, அத்தை குப்பம்மாள் இருந்த காசிக்குப் பாரதி போய்ச் சேர்ந்தார். அங்கே சமஸ்கிருதமும் இந்தியும் கற்றார். தலைப்பாகையும் மீசையும் வந்தது காசியில்தான். நாலு திசையிலிருந்தும் மனிதர்கள் வந்து குவியும் அந்த ஊரில் இருந்த நாலு வருஷம், எட்டயபுரத்துப் பையனுக்கு "இந்தியா" என்றால் என்ன என்று காட்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

திரும்பி வந்து கொஞ்ச காலம் ஜமீனில் வேலை பார்த்தார். 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். அதே நவம்பரில் சென்னைக்குப் போய், ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய "சுதேசமித்திரன்" நாளிதழில் உதவி ஆசிரியரானார். அடுத்த வருஷமே கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தான். நாடு கொந்தளித்தது. தந்திச் செய்திகளைத் தமிழில் பெயர்த்துப் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் பாரதி. ஒவ்வொரு நாளும் அந்தக் கொந்தளிப்பு அவர் கைவழியாகத்தான் தமிழருக்குப் போயிற்று.

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போன பயணத்தில் விவேகானந்தரின் சீடரான நிவேதிதா தேவியைச் சந்தித்தார். கண்ணன் அர்ஜுனனுக்கு விசுவரூபம் காட்டியதுபோல் பாரத தேவியின் முழு வடிவத்தைத் தமக்குக் காட்டியவர் என்று சொல்லித் தம் முதல் பாட்டு நூலை அவருக்கே காணிக்கை ஆக்கினார்.

பாட்டு எழுதித்தான் பிழைச்சாரா? அந்தக் காலத்துல கவிஞருக்கு யாரு காசு குடுத்தா?

யாரும் கொடுக்கவில்லை. பாரதி பத்திரிகைக்காரர். மேலே சொன்ன மித்திரனில் தொடங்கி, சாகும்போதும் மித்திரன் ஊழியராகவே செத்தவர். 1905-ல் "சக்ரவர்த்தினி" என்ற பெண்கள் மாத இதழுக்கு ஆசிரியர். மித்திரனின் நிதானம் போதாமல், 1906-ல் மண்டயம் குடும்பத்தாரின் ஆதரவில் தொடங்கிய "இந்தியா" வார இதழின் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்.

அந்த "இந்தியா"வைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும். சிவப்புக் காகிதத்தில் அச்சானது. பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையும் முகப்பில் தாங்கி வந்தது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முதலில் போட்டது அதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரன் என்ன செய்கிறான் என்று புரிந்துகொள்வான். பாரதியின் தேசியப் பாட்டுகள் பல இப்படிப் பத்திரிகைப் பக்கங்களில், நேற்று நடந்த சம்பவத்துக்கு இன்று சொன்ன பதிலாக வந்தவை. இதை மறந்துவிட்டால் அந்தப் பாட்டுகளின் சூடு பிடிபடாது.

அப்படிச் சம்பவத்துக்குன்னு எழுதின பாட்டு ஒண்ணு சொல்லுங்களேன்.

திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச், வ.உ. சிதம்பரம் பிள்ளையை மிரட்டுவதுபோல் ஒரு பாட்டு. அதற்குச் சிதம்பரம் பிள்ளை பதில் சொல்வதுபோல் இன்னொரு பாட்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தூத்துக்குடியில் வெள்ளையரின் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர் வ.உ.சி. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது வருஷம், என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது. நண்பரின் தலையில் விழுந்த இடி அது. அதற்குப் பாரதி ஒப்பாரி வைக்கவில்லை. அதிகாரியையும் கைதியையும் நேருக்கு நேர் நிறுத்திப் பேசவைத்தார்.

அவரோட பாட்டு முதல்ல புஸ்தகமா வந்தது எப்படி?

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பாரதி, காங்கிரஸில் அந்நாளில் தீவிரவாதப் பிரிவு என்று சொன்ன திலகர் கட்சி. சென்னையின் பெரிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. "இந்தியா"வில் பாரதி தாக்கி எழுதிய தரப்பு. அவர் பாட்டுகளைக் கேட்டு உருகி, 1907-ல் மூன்று பாட்டுகளை நாலு பக்கச் சிறு வெளியீடாக 15,000 பிரதி தம் செலவில் அச்சிட்டு இலவசமாக விநியோகித்தார். "எந்தையும் தாயும்" அதில் ஒன்று. அரசியலில் எதிரெதிர் அணி, ஆனாலும் பாட்டுக்கு அணி பார்க்கவில்லை. 1908-ல் "ஸ்வதேச கீதங்கள்" நூலாக வந்தது.

"அச்சமில்லை"ன்னு பாடினவர் போலீஸுக்குப் பயந்து பாண்டிச்சேரிக்கு ஓடலாமா?

கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

1908 ஆகஸ்டில் "இந்தியா" மீது ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். எழுதியதெல்லாம் பாரதி என்று ஊருக்கே தெரியும். சீனிவாசன் கைதாகி ஐந்து வருஷத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரி போனார். சீனிவாசன் பெயரைப் பாரதி பெயரோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. பாரதி மனத்திலும் அது முள்ளாக இருந்திருக்கும்.

ஆனால் போனவர் சும்மா இருக்கப் போகவில்லை. வ.உ.சி., சுப்பிரமணிய சிவா எல்லாரும் சிறைக்கு உள்ளே. பாரதியும் உள்ளே போய்விட்டால் தமிழில் அந்தக் குரலே இருக்காது என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சி, பிரிட்டிஷ் போலீஸ் வாரண்டு அங்கே செல்லாது. 1908 அக்டோபரிலேயே "இந்தியா" அங்கிருந்து மறுபடி வெளிவந்துவிட்டது. 1910 மார்ச் வரை வந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அதை நுழையவிடாமல் தடுத்த பிறகுதான் மூச்சு நின்றது. "விஜயா", "சூரியோதயம்", "கர்மயோகி" என்று அவர் தொட்ட மற்ற இதழ்களும் அதே கதி. இதற்கு ஓட்டம் என்று பெயர் வைப்பவர்கள், அங்கே அவர் செய்ததையும் பார்த்துவிட்டு வைக்கட்டும். அது அடுத்த பதிலில்.

பாண்டிச்சேரியில பத்து வருஷம் என்னதான் பண்ணினார்?

பத்திரிகை இல்லாமல் ஆன பிறகு கவிஞர் முழுதாக வெளியே வந்தார். 1910-ல் அரவிந்தரும் புரட்சிக்காரர் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். அரவிந்தரோடு வேதம் படித்தார். பதஞ்சலி யோக சூத்திரத்தையும் பகவத்கீதையையும் தமிழாக்கினார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் மூன்றும் இந்த ஊரில் பிறந்தவை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் அச்சானது. இரண்டாம் பாகத்தை அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

பாஞ்சாலி சபதத்தைப் பாரதக் கதை என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள். சபையில் துகிலுரியப்படுகிறவள் பாரத தேவி. பார்த்துக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் யார் என்று 1912-ல் படித்தவனுக்குத் தெரியும். நாட்டை வைத்துச் சூதாடிய தருமனைத் திட்டும் இடத்தில் பாரதியின் கோபம் புராணத்துக்குள் அடங்காமல் வழிகிறது. பத்திரிகையைத் தடுத்த சர்க்கார், மகாபாரதத்தைத் தடுக்க முடியாமல் நின்றது.

குயில் பாட்டு பிறந்தது முத்தியாலுப்பேட்டை மாந்தோப்பில். அது வெல்லச்சு செட்டியார் என்று ஊரார் சொல்லும் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்த வீடு விளக்கெண்ணெய்ச் செட்டியாருடையது. வாடகை பாக்கி நின்றாலும் அவர் வாய்திறந்து கேட்கமாட்டார், வந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போவார் என்பார்கள். கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் பாரதிதாசன் ஆனதும் இந்த ஊரில்தான். எனக்குப் புதுச்சேரி என்றால் கடற்கரை நினைவுக்கு வருவதில்லை, வெளியே அதிகம் பேர் அறியாத இந்தச் செட்டியார்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆஷ் கொலையில பாரதிக்குப் பங்கு உண்டா?

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டான். அந்த வழக்கில் பாரதி மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆனால் பழியின் நிழல் புதுச்சேரியில் இருந்த எல்லார் மேலும் விழுந்தது. ஒற்றர்கள் தெருத்தெருவாக உட்கார்ந்தார்கள். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. திறந்தால் புரட்சித் துண்டுப்பிரசுரங்கள், இவர்களை மாட்டிவைக்கப் போட்டது. மறைக்காமல் பிரெஞ்சுப் போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று பாரதி சொன்ன யோசனைதான் காப்பாற்றியது. அன்னியர் தங்குவதற்கு உள்ளூர் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கலவை சங்கர செட்டியார் அலைந்து வாங்கிக் கொடுத்தார். பாரதியின் "ஆறில் ஒரு பங்கு" கதையையும் "கனவு" என்ற தன் வரலாற்றுக் கவிதையையும் சென்னை அரசு தடை செய்ததும் அந்த 1911-ல்தான்.

பாரதி ஜெயிலுக்கே போகலைங்கிறாங்களே?

போனார். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-ல் முடிந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தவரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். டிசம்பர் 14 வரை கடலூர் சிறையில் இருந்தார்.

அப்ப வெள்ளைக்காரனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வெளிய வந்தார்னு சொல்றது நிஜமா?

கடிதம் எழுதியது நிஜம். சிறையிலிருந்து சென்னை கவர்னர் பெண்ட்லண்டுக்கு எழுதினார்: அரசியலை முற்றாக விட்டுவிட்டேன், அரசுக்கு விசுவாசமாகவும் சட்டத்துக்கு அடங்கியும் நடப்பேன் என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. அன்னிபெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், மித்திரன் ஆசிரியர் ரங்கசாமி ஐயங்கார் ஆகியோரும் அவருக்காகப் பேசினார்கள். நெல்லை மாவட்டத்தில் குறிப்பிட்ட ஊர்களில் வசிக்க வேண்டும், எழுதுவதையும் பேசுவதையும் ரகசியப் போலீஸ் அதிகாரியிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு விட்டார்கள்.

இதைப் பிள்ளைகளிடம் மறைக்கச் சொல்லி என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். மறைக்கமாட்டேன். பத்து வருஷம் தாய்மண்ணை மிதிக்க முடியாமல் இருந்தவர். கையில் காசில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்குக் கல்யாண வயது. உடம்பு தளர்ந்து போயிருந்தது. அந்த நிலையில் ஒரு மனிதன் எழுதிய கடிதம் அது. அதை வைத்து "விடுதலை" பாட்டைப் பொய் என்று சொல்கிறவர், அந்தப் பத்து வருஷத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கடிதமே கிடையாது என்று சாதிக்கிறவரோ, பாரதியை மனிதராக நினைக்கவில்லை. அச்சமே அறியாதவன் "அச்சமில்லை அச்சமில்லை" என்று அத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள மாட்டான். பயத்தோடு தினமும் மல்லுக்கட்டியவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பாட்டு இன்றைக்கும் நமக்குக் கை கொடுக்கிறது என்று நான் நம்புகிறேன்.

காந்தியை பாரதி சந்திச்சிருக்காரா?

ஒரு தடவை, 1919-ல் சென்னையில், ராஜாஜி தங்கியிருந்த வீட்டில். உடனிருந்த எழுத்தாளர் வ.ரா. எழுதிவைத்திருக்கிறார். விறுவிறுவென்று உள்ளே வந்த பாரதி, அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தாம் பேசும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார். காந்திக்கு அன்று வேறு அலுவல். மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்றார். முடியாது என்று சொல்லி, காந்தி தொடங்கப்போகும் இயக்கத்தை ஆசீர்வதித்துவிட்டுப் பாரதி போய்விட்டார். இவர் யார் என்று காந்தி விசாரித்தார். தமிழ்நாட்டுக் கவி என்றார் ராஜாஜி. இவரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்றாராம் காந்தி. பாதுகாத்தவர் யாரும் இல்லை. இரண்டே வருஷத்தில் பாரதி போய்ச் சேர்ந்தார்.

வீட்டுல அரிசி இல்லாதப்ப குருவிக்குப் போட்டாராமே, கட்டுக்கதையா?

அவர் மனைவி செல்லம்மாள் வழி வந்த செய்தி, கட்டுக்கதை என்று தள்ள முடியாது. கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துவிட்டு அவை தின்னும் அழகைப் பார்த்து நின்றார். நாம் அந்தக் காட்சியில் கவிஞரை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறோம். அடுப்பு மூட்டக் காத்திருந்தவரை யாரும் பார்ப்பதில்லை. கடையத்துப் பெண் செல்லம்மாளுக்கு ஏழு வயதில் கல்யாணம், மாப்பிள்ளைக்குப் பதினாலு. 1951-ல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றி அவர் பேசினார். உலகத்தோடு ஒட்டி வாழத் தெரியாத கவிஞரோடு குடித்தனம் நடத்திய சிரமத்தை, ஒரு சொல் கூடக் கசப்பில்லாமல் சொன்னார். பாரதி வாழ்க்கையைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.

வறுமையை மாற்றப் பாரதி முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். 1920-ல் கடையத்திலிருந்து ஒரு விண்ணப்பம் அனுப்பினார். தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சடிக்க வேண்டும், அவை மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட வேகமாக வீட்டுக்கு வீடு விற்கும் என்று கணக்குப் போட்டு நண்பர்களிடம் கடன் கேட்டார். பணம் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு எட்டயபுரம் ஜமீனுக்கு அனுப்பிய சீட்டுக்கவிக்கும், அதாவது பாட்டாகவே எழுதிய கடிதத்துக்கும், பதில் வரவில்லை.

பெண்விடுதலை பேசினவர், சின்னப் பொண்ணைக் கட்டிக்கிட்டாரே. பூணூல் போட்டு விட்டவர் சாதியை எதிர்த்தார்னு எப்படிச் சொல்றது?

இரண்டு கேள்வி, ஆனால் ஒன்றாகவே கேட்கிறார்கள். கல்யாணம் 1897-ல் பெரியவர்கள் செய்து வைத்தது, அதை அவர் கணக்கில் எழுத முடியாது. பிறகு வந்த மாற்றம் அவர் கணக்கு. "மனைவியை ஏன் அழைத்து வரவில்லை" என்று நிவேதிதா கேட்ட கேள்வி அவரைச் சுட்டது. அதன் பிறகு மனைவியின் தோளில் கைபோட்டுத் தெருவில் நடந்தவர், ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தாதவர்.

பூணூல் விஷயம் கொஞ்சம் கடினம். தாம் பூணூலைக் கழற்றிவிட்ட பாரதி, 1913-ல் கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்கு முறைப்படி பூணூல் அணிவித்துக் காயத்ரி சொல்லிக்கொடுத்தார். உயர்ந்த இடம் என்று நினைப்பதை எல்லாருக்கும் திறந்துவிடுவதா, அந்த உயர்வு என்ற எண்ணத்தையே உடைப்பதா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டாவது வழியே சரி என்பேன் நானும். ஆனால் 1913-ல் சொந்தச் சாதியார் அவரை என்ன பாடு படுத்துவார்கள் என்று தெரிந்தே செய்த காரியம் அது. கனகலிங்கம் கடைசிவரை அவரைக் குருநாதர் என்றே சொன்னார்.

யானை மிதிச்சுத்தானே செத்தார்?

இல்லை. பேச்சுப்போட்டியில் இப்படிச் சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு நாள் அது தள்ளிவிட்டது. யானையின் காலடியில் விழுந்து கிடந்தவரைக் குவளைக்கண்ணன் என்ற அன்பர் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். காயம் ஆறியது, வேலைக்கும் போனார். அதற்கப்புறம் ஈரோடு போய், கருங்கல்பாளையத்தில் "மனிதனுக்கு மரணமில்லை" என்ற தலைப்பில் பேசிவிட்டு, அந்தப் பயணத்தைப் பற்றி 1921 ஆகஸ்டில் மித்திரனில் எழுதியும் இருக்கிறார்.

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டது. நலிந்த உடம்பு தாங்கவில்லை. மருந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தொன்பது வயது நிறைய மூன்று மாதம் இருந்தது.

நினைவு நாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

11-ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. ஆங்கில நாட்கணக்கில் அது 12. விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் வீட்டு வழக்கம், அதனால் 11 என்றே நிலைத்தது. அரசு 2021-ல் "மகாகவி நாள்" என்று அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான்.

சாவுக்குப் பதினாலு பேர்தான் வந்தாங்களா?

எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். இருபதைத் தாண்டவில்லை என்பதுதான் உடன் போனவர்கள் சொன்னது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை சுடுகாடு வரை. பரலி சு. நெல்லையப்பர் போன்ற அன்பர்கள் தோள் கொடுத்தார்கள். மித்திரன் படிக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அவர் பெயர் தெரியும். அன்றைக்கு அதிகாலையில் செய்தி போய்ச் சேர வீட்டுக்கு வீடு ஃபோன் இல்லை, வானொலி இல்லை. நன்றிகெட்ட தமிழர் என்று மேடையில் அழுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது கேட்ட கடனைக் கொடுக்காததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

"மெல்லத் தமிழினிச் சாகும்"னு பாரதியே சொல்லிட்டாரே?

சொல்லவே இல்லை! பாதி வரி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழ்த்தாய் பேசுவதாக அமைந்த பாட்டு அது. புதிய கலைகள் மேற்கில் வளர்கின்றன, அவற்றைச் சொல்லும் திறமை தமிழுக்கு இல்லை, ஆகவே தமிழ் மெல்லச் சாகும் என்று ஒருவன் சொல்லிவிட்டான். அடுத்த வரியே "என்றந்தப் பேதை உரைத்தான்". பேதை என்றால் முட்டாள். இந்தப் பழி எனக்கு வரலாமா என்று தாய் கேட்கிறாள். எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறாள். முட்டாளின் வாக்கை எடுத்துக் கவிஞர் தலையில் கட்டிவிட்டோம்.

"தேடிச் சோறு நிதம் தின்று" யாரைப் பார்த்துச் சவால் விடுறார்?

இதிலும் பாதிதான் நம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "வீழ்வேனென்று நினைத்தாயோ" என்று அவர் கேட்பது எதிரியை அல்ல, பராசக்தியை. அது ஒரு வரம் கேட்கும் பாட்டு. தொடர்ந்து படித்தால் பழைய வினை நீங்கவும் மதி தெளியவும் கேட்கிறார். தாயிடம் பிள்ளை உரிமையோடு போடும் சண்டையாக அதைப் படித்துப் பாருங்கள், இன்னும் அழகு.

1921-ல செத்தவர், "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்"னு எப்படிப் பாடினார்?

நடக்கும் முன்பே நடந்ததாகப் பாடினார். விடுதலை வரும் என்று சொல்வதில் ஒரு சந்தேகம் ஒட்டியிருக்கும். வந்துவிட்டது என்று பாடி, ஆடி, பள்ளுப் பாட்டின் மெட்டில் உழவனை நடுவில் நிறுத்தினால் கேட்பவன் மனசில் அந்த நாள் வந்தே விடும். 1947 ஆகஸ்டில் டி.கே. பட்டம்மாள் குரலில் அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்தபோது, எழுதியவர் போய் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

செத்த பிறகும் தடை பண்ணினாங்களாமே?

1928-ல் பர்மா அரசு அவர் பாட்டுகளைத் தடை செய்தது, அதைப் பின்பற்றிச் சென்னை அரசும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. ஏழு வருஷம் முன்னால் இறந்தவரின் பாட்டுக்கு அத்தனை பயம். சட்டசபையில் சத்தியமூர்த்தி அந்தப் பாட்டுகளையே சொல்லி வாதாடினார்.

பாரதி பாட்டைப் பாட யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

வேண்டாம், யாரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் ஒரு காலத்தில் அப்படி இல்லை. பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1948-ல் "பில்ஹணன்" படத்தில் "தூண்டிற் புழுவினைப் போல்" பாட்டைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்களோடு வழக்காயிற்று. பாரதி எல்லாருக்கும் பொது என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949-ல் அரசே உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்ததைக் காசு வாங்காமல் கொடுத்தார். சில ஆண்டுகளில் அரசும் அதைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. ஒரு கவிஞரின் எழுத்தை அரசு வாங்கி ஊருக்குப் பொதுவாக்கியது தமிழ் மண்ணில் நடந்தது.

பாரதியை முழுசா படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

பாட்டுத் தொகுப்பு எந்தப் பதிப்பானாலும் சரி, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். கண்ணன் பாட்டில் தொடங்குங்கள். கண்ணன் சேவகனாக வருகிற பகுதியைச் சத்தமாகப் படித்தால் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வந்து உட்காரும். பிறகு பாஞ்சாலி சபதம், மேலே சொன்ன கண்ணோடு. அப்புறம் உரைநடைக்கு வாருங்கள். மித்திரனில் எழுதிய கட்டுரைகளைப் படிக்காதவருக்குப் பாரதியைப் பாதிதான் தெரியும்.

ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்குச் சீனி. விசுவநாதன் வாழ்நாளெல்லாம் தேடிக் கால வரிசையில் தொகுத்த 23 தொகுதிகள் இருக்கின்றன. எந்தப் பாட்டு எந்த மாதத்தில் எந்தச் செய்திக்குப் பக்கத்தில் வந்தது என்று அதில் பார்க்கலாம். பெரிய நூலகங்களில் கேளுங்கள். "இந்தியா" இதழ்களில் இன்னும் கைக்கு வராதவை உண்டு. உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் சிவப்புக் காகிதம் ஏதாவது மடித்துக் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.